டாக்டர் டு பாய்ஸ்

அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் 1868ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள் வில்லியம் டு பாய்ஸ் பிறந்தார். பள்ளிப் பிள்ளைகள் பெயர் பொறித்த அட்டைகளை விளையாட்டாக மாற்றிக் கொண்ட ஒரு நாள், புதிதாக வந்த வெள்ளைச் சிறுமி ஒருத்தி இவர் நீட்டிய அட்டையை ஏற்க மறுத்தாள். தாம் வேறாகக் கருதப்படுவதைச் சிறுவர் அன்றே உணர்ந்தார். தீண்டாமையை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கறுப்பரில் அப்பட்டத்தை அங்குப் பெற்ற முதல்வர் இவரே. பின்னர்ப் பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டாரத்தில் குடியேறி, வீடுவீடாகச் சென்று மக்கள் நிலையை ஆராய்ந்தார். கறுப்பரின் வறுமைக்கும் குற்றத்துக்கும் பிறவிக் குணமே காரணம் என்று ஊரார் நம்பினர். அடிமை வாழ்வின் எச்சமும் வேலை மறுப்புமே காரணம் என 1899இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துரைத்தார். உண்மையைக் காட்டினால் உலகம் திருந்தும் என்று அந்நாளில் நம்பியிருந்தார்.

அதே ஆண்டில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற தொழிலாளியைப் பெருங்கூட்டம் உயிரோடு எரித்தது. இதுபற்றி நிதானமாக ஒரு கட்டுரை வரைந்து, நாளேட்டு அலுவலகம் நோக்கி நடந்த டு பாய்ஸ், மாண்டவனின் விரல் மூட்டுகள் மளிகைக் கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டமை கேட்டு வழியிலேயே திரும்பிவிட்டார். புள்ளிவிவரம் இக்கூட்டத்தின் செவியில் ஏறாது என்று தெளிந்தார். 1906இல் அட்லாண்டா நாளேடுகள் பரப்பிய வதந்தியால் அஞ்சி வெறிகொண்ட வெள்ளையர் திரள் குறைந்தது 25 கறுப்பரைக் கொன்றது. அச்சத்தை விற்றுப் பிழைக்கும் அச்சுப்பொறி எந்நாட்டில்தான் இல்லை?

ஒடுக்கப்பட்டவன் தன்னை இகழ்வோனின் கண்கொண்டே தன்னைப் பார்க்கப் பழகுகிறான் என்பது 1903இல் இவர் வெளியிட்ட நூலின் உயிர்க்கருத்து. 1910இல் தொடங்கிய தம் இதழில் படுகொலைகளைத் தவறாது வெளியிட்டார். கற்றுயர்ந்த கறுப்பரின் படங்களையும் அச்சிட்டார். அதனைப் படித்து வந்த சிறுமி ஒருத்தி, வெள்ளையரைத் தானும் வெறுப்பதாக மடல் எழுதினாள். இவர் உள்ளம் கலங்கியது. பிள்ளைகள் அஞ்சாமலும் வெறுக்காமலும் தம்மை மதிக்கக் கற்க வேண்டுமென்று 1920 ஜனவரியில் அவர்களுக்கெனத் தனி மாத இதழ் தொடங்கினார். இரண்டே ஆண்டில், 24 இதழ்களோடு அது நின்றது பெரும் இழப்பே.

கறுப்பர் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியை வேண்டி 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் இவருக்கு மடல் விடுத்தார். தீண்டப்படாதோர்பால் தமக்குள்ள பரிவைத் தெரிவித்து இவரும் விடை எழுதினார்.

1961இல் கானா நாட்டில் குடியேறி, அக்ரா நகரில் 1963 ஆகஸ்டு 27ஆம் நாள் தம் 95ஆம் வயதில் காலமானார். மறுநாள் சமவுரிமை கோரி வாஷிங்டனில் திரண்டிருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு மேடையிலிருந்து அச்செய்தி அறிவிக்கப்பட்டது.