புத்தகம் கட்டிய கைகள்

மைக்கேல் ஃபாரடே 1791-இல் லண்டன் பக்கத்தில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி நோயில் படுத்துவிடுபவர். ஒரு சமயம் இந்தப் பையனுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டிதான் கிடைத்ததாம். பள்ளியில் கற்றது எழுத்தும் வாசிப்பும் கொஞ்சம் கணக்கும், அவ்வளவுதான். 13 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை. அந்தக் காலத்தில் பத்திரிகையை வாடகைக்கு விடுவார்கள். ஒரு வீட்டில் கொடுத்து, படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வரவேண்டும்.

மறு வருடம் புத்தகம் கட்டும் தொழில் பழக அங்கேயே சேர்ந்தார். ஏழு வருட ஒப்பந்தம். இங்கேதான் விஷயமே இருக்கு. கட்ட வந்த புத்தகங்களைக் கட்டியதோடு விடவில்லை, படித்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையாரின் வேதியியல் நூலும் அப்படித்தான் கைக்கு வந்தன. படித்தது நிஜம்தானா என்று பார்க்க, மிச்சம் பிடித்த காசில் சாமான் வாங்கிச் சோதித்தார். முதலாளியும் தடுக்கவில்லை. எல்லாருக்கும் இப்படி ஒரு முதலாளி வாய்க்குமா என்று கேட்டால், வாய்க்காதுதான்.

மாலையில் அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போனார். ஒரு பேச்சுக்கு ஒரு ஷில்லிங். கொல்லு வேலை பார்த்த அண்ணன் கொடுத்தார். 1812-இல் கடை வாடிக்கையாளர் ஒருவர், புகழ்பெற்ற ஹம்ஃப்ரி டேவியின் பேச்சுக்கு டிக்கெட் தந்தார். நான்கு பேச்சு கேட்டார். கேட்டதையெல்லாம் எழுதி, படம் வரைந்து, தன் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினார். படம் வரையக்கூட, ரீபோ வீட்டில் குடியிருந்த ஓர் ஓவியரிடம் பழகியதுதான். நம்மில் எஸ்.பி.எம். முடித்ததும் கடைக்கோ தொழிற்சாலைக்கோ போனவங்க இதைக் கவனிக்கணும்: காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லாதவர், தொழிலில் கற்றதையே விண்ணப்பமாக்கினார்.

வேலை காலியில்லை, கட்டும் தொழிலையே பாரு என்றுதான் டேவி முதலில் சொன்னார். சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாள் சண்டை போட்டு வேலை இழக்க, ஃபாரடேவுக்கு அழைப்பு வந்தது. 1813 மார்ச் 1. வாரம் 25 ஷில்லிங், மாடியில் தங்க அறை.

அதே ஆண்டு டேவி ஐரோப்பாவுக்குப் பயணம் போனார். கூட வரவேண்டிய வேலையாள் கடைசி நேரத்தில் மறுத்துவிட, அந்த வேலையும் ஃபாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்து ஊர் திரும்பவே நினைத்தார். ஆனால் போகவில்லை. பாரிஸில் ஆம்பியரையும் மிலானில் வோல்ட்டாவையும் பார்த்தார். பிரெஞ்சும் இத்தாலியும் கற்றார். எந்தக் கல்லூரியும் தராத படிப்பு அந்த ஒன்றரை வருடத்தில் கிடைத்தது. அந்த அவமானத்தைச் சரி என்று நான் சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்தும் மாணவனாகவே இருந்தார். மேடையில் பேசத் தனியாக ஓர் ஆசிரியரிடம் பயின்றார். 1831-இல் காந்தத்தை அசைத்து மின்சாரம் வரவழைத்தார். இன்றைய மின் நிலையங்களின் ஜெனரேட்டர் சுற்றுவது அந்தத் தத்துவத்தில்தான். உயர் கணிதம் மட்டும் கடைசிவரை கைகூடவில்லை. அவர் கண்டதை மேக்ஸ்வெல் என்ற இளைஞர் கணிதமாக எழுதத் தொடங்கினார். 1857-இல் ஃபாரடே அவருக்குக் கடிதம் எழுதி, கணிதத்தில் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் எழுதக் கூடாதா, எங்களைப் போன்றவர்களும் அதைச் சோதித்துப் பார்க்கலாமே என்று கேட்டார். அப்போது மேக்ஸ்வெல்லுக்கு வயது 26. ஃபாரடேவுக்கு 66.