கைநழுவிய அம்மோனியா

பொறியாளர் ஒருவரின் மைந்தராக 1850இல் பாரிசில் பிறந்த ஹென்றி லூயி லீ சாட்லியர், சிமெண்ட் பற்றிய ஆய்வால் அறிவுலகில் அடியெடுத்து வைத்தார். சமநிலையிலுள்ள வினையின் அழுத்தத்தையோ வெப்பநிலையையோ மாற்றினால், அம்மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் வினை நகரும் என்று 1884இல் நிறுவினார்.

ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் இணைந்தால் இரண்டு பங்கு அம்மோனியாவாகச் சுருங்கும். எனவே அழுத்தம் மிகுந்தால் விளைச்சலும் மிகும் என்பதை அவருடைய தத்துவமே காட்டியது. 1901இல் 200 வளிமண்டல அழுத்தத்தில் அதைச் செய்துபார்க்க முனைந்தார். கருவிக்குள் காற்று கலந்திருந்தது. அதிலிருந்த ஆக்சிஜனால் ஹைட்ரஜன் வெடித்தது. உதவியாளர் ஒருவர் உயிர் தப்பியதே அரிது. லீ சாட்லியர் அம்முயற்சியைக் கைவிட்டார். வழி கண்டவர் நின்றுவிட, 1909இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் அவ்வழியே சென்று வென்றார்.

காற்றிலிருந்து பெறும் நைட்ரஜனுடன் ஆர்கானும் ஆலைக்குள் புகுவதுண்டு. அது வெடிக்காது, வினைபுரியாது. கன அளவு மாறாத கலத்தில் சமநிலையை அசைப்பதுமில்லை. ஆனால் மொத்த அழுத்தத்தை மாறாது வைத்திருக்கும் ஆலையில் அது சேரச்சேர, வினைபடு வாயுக்களின் பகுதி அழுத்தம் குறைந்து அம்மோனியா விளைச்சல் தாழும். ஆகவே வாயுக் கலவையில் ஒரு பகுதியை வெளியேற்றி ஆர்கானைக் கட்டுக்குள் வைக்கின்றனர்.

1936இல் மறைந்த லீ சாட்லியர், தம் அறிவியல் வாழ்வின் மாபெரும் பிழையாகக் கருதியது அம்மோனியாவைக் கைநழுவவிட்டதையே.