பண்ணையில் ஒரு பள்ளிக்கூடம்

காந்தியடிகளை விடுதலைப் போராட்டத் தலைவராக உலகம் அறியும். அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியராகவும் இருந்தார் என்பதைப் பலர் அறியார். அவரிடம் பயின்றவர்களுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். இலண்டனில் சட்டம் பயின்றபின், 1893ஆம் ஆண்டில் ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கு இந்தியர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைக் கண்டு மனம் கொதித்தார். 1906ஆம் ஆண்டில் அறவழிப் போராட்டத்தைத் தொடங்கினார். அப்போராட்டத்தில் தமிழர்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டு சிறை சென்றனர். உழைக்கும் கைகள் சிறைக்குள் அடைபட்டதால் அவர்களின் குடும்பங்கள் வருமானமின்றித் தவித்தன.

இக்குடும்பங்கள் ஒன்றாக வாழ ஓர் இடம் தேவைப்பட்டது. காந்தியடிகளின் நண்பரும் ஜெர்மானியக் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக் அதற்கு வழி செய்தார். 1910ஆம் ஆண்டில், ஜொகனஸ்பர்க் நகருக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தொலைவில் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி அளித்தார். ரஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாயின் பெயரால் அது டால்ஸ்டாய் பண்ணை என அழைக்கப்பட்டது.

பண்ணையில் இருபது முப்பது பிள்ளைகள் இருந்தனர். அவர்கள் தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி எனப் பல மொழி பேசினர்; இந்து, முஸ்லிம், கிறிஸ்துவம், பார்சி எனப் பல சமயங்களைச் சார்ந்திருந்தனர். வயதும் ஒன்றாக இல்லை. முன்பு படித்த படிப்பும் ஒன்றாக இல்லை. சம்பளம் கொடுத்து ஆசிரியரை அமர்த்தப் பணமும் இல்லை. இப்பிள்ளைகளை எப்படி ஒரே வகுப்பில் அமர்த்திக் கற்பிப்பது? காந்தியடிகள் வேலையிலிருந்தே கல்வியைத் தொடங்கினார்.

பண்ணையில் வேலைக்காரர்கள் கிடையாது. குழி தோண்டுதல், மரம் வெட்டுதல், சுமை தூக்குதல், பழமரங்களைப் பேணுதல், சமைத்தல் ஆகிய வேலைகளைப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்தே செய்தனர். ஆசிரியர் செய்யாத வேலையை மாணவருக்குக் கொடுக்கக்கூடாது என்பது அங்கு விதி. ஆகவே, ஒவ்வொரு வேலையிலும் ஓர் ஆசிரியர் பிள்ளைகளோடு நின்று உழைத்தார். காலன்பாக் துறவியர் மடம் ஒன்றுக்குச் சென்று காலணி செய்யும் தொழிலைக் கற்றுவந்தார். அவரிடமிருந்து காந்தியடிகள் கற்றார். காந்தியடிகளிடமிருந்து பிள்ளைகள் கற்றனர். தச்சுவேலை வகுப்பும் நடந்தது. பிள்ளைகள் செய்த பொருள்கள் அனைத்தும் பண்ணைக்குத் தேவையானவை. அதனால் அவர்கள் உழைப்பு வீண்போகவில்லை.

காலையில் வேலை, நண்பகல் உணவுக்குப் பிறகு எழுத்துப் படிப்பு. களைப்பு மிகுதியால் மாணவர்கள் மட்டுமல்லர், ஆசிரியர்களும் சில வேளைகளில் கண்ணயர்ந்தனர். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டும் பிள்ளைகளோடு விளையாடியும் அவர்கள் தூக்கத்தை விரட்டினர். தாய்மொழியைக் கற்பிக்க வேண்டும் என்பதில் காந்தியடிகள் உறுதியாக இருந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவரே தமிழ் கற்பித்தார். கப்பல் பயணத்திலும் சிறையிலும் ஜி.யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டைக் கொண்டு கற்ற தமிழ்தான் அவருக்குத் தெரியும். பிள்ளைகள் அவரைவிட நன்றாகத் தமிழ் பேசினர். அவர் தம் அறியாமையை மறைக்கவில்லை. அதனாலேயே பிள்ளைகளின் அன்பையும் மதிப்பையும் பெற்றார்.

பண்ணை வாழ்க்கையில் சிக்கல்களும் எழுந்தன. பிள்ளைகளுள் சிலர் குறும்புக்காரர்கள், சோம்பேறிகளும் இருந்தனர். இவர்களோடு காந்தியடிகளின் புதல்வர்களும் ஒன்றாகப் பழகுவது கெடுதலாக முடியும் எனக் காலன்பாக் கவலைப்பட்டார். தம் பிள்ளைகளைப் பிரித்து வைத்தால் தாங்கள் மற்றவரைவிட உயர்ந்தவர்கள் என்னும் எண்ணம் அவர்களிடம் வளரும் எனக் காந்தியடிகள் கருதினார். ஆகவே, எல்லாரையும் ஒன்றாகவே வளர்த்தார். ஒருநாள் அடங்காத மாணவன் ஒருவனை அவர் அளவுகோலால் அடித்துவிட்டார். அடிக்கும்போதே அவர் உடல் நடுங்கியது. மாணவன் திருந்தினான். ஆயினும், அடித்தது சரியென்று காந்தியடிகளின் மனம் ஒப்பவில்லை. அதன்பின் அவர் எந்த மாணவரையும் அடித்ததில்லை.

ரமலான் மாதம் வந்தபோது முஸ்லிம் பிள்ளைகள் நோன்பிருந்தனர். மற்றப் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணையாக மாலையில் ஒருவேளை மட்டும் உண்டனர். முஸ்லிம் தோழர்கள் சூரியன் மறையும்வரை காத்திருக்க, முன்னதாக உண்டு முடித்தவர்கள் அவர்களுக்காகச் சமைத்துப் பரிமாறினர். ஒருவர் சமயத்தை மற்றவர் மதிக்க வேண்டும் என்பதை அவர்கள் இவ்வாறு வாழ்ந்து கற்றனர்.

அக்காலத்தில் உலகின் வேறு பகுதிகளிலும் இத்தகைய சிந்தனை வளர்ந்து வந்தது. அமெரிக்காவில் ஜான் டூயி 1896ஆம் ஆண்டிலேயே சிகாகோவில் செயல்வழிக் கல்விக்கான பள்ளியைத் தொடங்கியிருந்தார். அவர் வழிவந்த வில்லியம் கில்பாட்ரிக் 1918ஆம் ஆண்டில் செயல்திட்ட முறை பற்றி எழுதினார். காந்தியடிகளோ பண்ணையின் தேவைகளிலிருந்தே தம் முறையைக் கண்டெடுத்தார்.

1915ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய அவர் அந்த அனுபவத்தை மறக்கவில்லை. 1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வார்தாவில் கல்வி மாநாட்டைக் கூட்டினார். ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் போதனை, கைத்தொழிலை மையமாகக் கொண்ட பாடங்கள் ஆகியவை அங்கு வலியுறுத்தப்பட்டன. ஜாகீர் உசேன் தலைமையிலான குழு பாடத்திட்டத்தை வகுத்தது. இதுவே ஆதாரக் கல்வி எனப்பட்டது. மாணவன் தக்கிளியில் நூல் நூற்பான். நூலின் நீளத்தை அளக்கையில் கணிதம் வரும். பருத்தி விளையும் மண்ணை அறிகையில் புவியியல் வரும். துணி வாணிகத்தின் கதையைக் கேட்கையில் வரலாறு வரும். இத்திட்டத்தைச் சேவாகிராமத்தில் முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம்.

இத்திட்டத்திற்கு எதிர்ப்பும் இருந்தது. மாணவர் செய்த பொருள்களை விற்றுப் பள்ளியை நடத்தினால் பள்ளி தொழிற்கூடமாகிவிடும் எனச் சிலர் அஞ்சினர். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விற்பனையே குறிக்கோளானால் கற்றல் பின்தங்கிவிடும். பெற்றோர் பலர் ஏட்டுக் கல்வியையே உயர்வாகக் கருதினர். காந்தியடிகள் 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் மறைந்தபின் ஆதாரக் கல்வி மெல்ல மெல்ல வலுவிழந்தது. எனினும், செய்து கற்பது மனத்தில் நிலைக்கும் என்ற கருத்து அழியவில்லை.

இன்று ஜொகூர் மாநில இடைநிலைப்பள்ளிகளில் மலாய், சீன, இந்திய மாணவர்கள் ஒரே குழுவில் அமர்ந்து செயல்திட்டம் செய்கின்றனர். ஒருவர் நன்றாக வரைவார். ஒருவர் கணக்கில் வல்லவர். மற்றொருவர் செடி வளர்ப்பதில் கைதேர்ந்தவர். தேர்வுத்தாளில் தெரியாத திறமை வேலையில் வெளிப்படும். வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர் பெயரை மட்டும் எழுதினால் அது செயல்திட்டம் ஆகாது. அடுத்த முறை குழுவாகச் சேரும்போது, இதுவரை யாரும் அழைக்காத மாணவரை முதலில் அழைத்துப் பாருங்கள்.