ஒரே ஒரு சொல் எழுதியவர்

பிள்ளைகளே, 2000ஆம் ஆண்டு பிறந்த இரவில் சிட்னி துறைமுகப் பாலத்தில் என்ன நடந்தது, தெரியுமா? வாணவேடிக்கை முடிஞ்சதும், பாலத்தின் நடுவே ஒரே ஒரு ஆங்கிலச் சொல் ஒளிவிட்டது. இட்டர்னிட்டி! தமிழில் நித்தியம் என்போம். அந்தச் சொல்லைச் சிட்னித் தெருக்களில் எழுதியவர், தன் பெயரைக்கூடச் சரியாக எழுத முடியாத ஒருவர்.

அவர் பெயர் ஆர்தர் ஸ்டேஸ். 1885இல் சிட்னியில், ரெட்ஃபர்னில் பிறந்தார். அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் குடிப்பழக்கம். பசி தாங்காத ஆர்தர், அடுத்த வீட்டு வாசலில் இருந்த பாலைத் திருடிக் குடிப்பார். குப்பைத் தொட்டியில் சாப்பாடு தேடுவார். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. வளர்ந்ததும் அவரும் குடிக்கு அடிமையானார். சிறைக்கும் போனார்.

1930 ஆகஸ்ட் மாதம். ஊரெங்கும் வேலை கிடைக்காத காலம். பிராட்வேயில் உள்ள செயின்ட் பர்னபாஸ் தேவாலயத்தில் டீயும் கேக்கும் தர்றாங்கன்னு கேள்விப்பட்டுப் போனார். டீக்காகப் போனவர் அங்கே இயேசுவை நம்பினார். குடியை விட்டார். அப்போது அவருக்கு 45 வயது.

1932இல் டார்லிங்ஹர்ஸ்ட்டில் ஜான் ரிட்லி என்பவரின் பிரசங்கத்தைக் கேட்டார். ரிட்லி அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அது சிட்னித் தெருவெல்லாம் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆர்தர் அழுதுகொண்டே வெளியே வந்தார். பையில் ஒரு சாக்பீஸ் இருந்தது. குனிந்து, நடைபாதையில் எழுதினார். எழுத்து அவ்வளவு அழகா வந்தது! எப்படின்னு அவருக்கே புரியலை. இது கடவுள் தந்த வேலை என்று நம்பினார்.

அதன்பின் ஏறக்குறைய 35 ஆண்டுகள், விடியுமுன் எழுந்து ஜெபிப்பார். பிறகு எழுதப் போவார். மழை வந்து அழிக்கும். மறுபடியும் எழுதுவார். சில நேரம் போலீஸ்காரர் பிடிப்பார். அப்படியும் விடவில்லை. சுமார் ஐந்து லட்சம் தடவை எழுதினார் என்கிறார்கள். எழுதுவது யார் என்று 1956 வரை ஊருக்குத் தெரியாது. 1967இல் ஆர்தர் காலமானார்.

நம்மால என்ன முடியும்னு சில நாள் தோணும், இல்லையா? அன்றைக்கு ஆர்தரை நினைச்சுக்கோங்க. அவரிடம் இருந்தது ஒரு சாக்பீஸும் ஒரு சொல்லும்தான்.

சொற்பொருள்
நித்தியம் – முடிவே இல்லாதது
பிரசங்கம் – இறைவனைப் பற்றிய பேச்சு
ஜெபித்தல் – கடவுளிடம் வேண்டுதல்

பேசுவோம்
1. ஆர்தர் ஏன் தேவாலயத்துக்குப் போனார்? அங்கே என்ன மாறியது?
2. நீங்க தெருவில் ஒரே ஒரு சொல் எழுதலாம் என்றால், எந்தச் சொல்லை எழுதுவீங்க? ஏன்?