அடுப்படியில் கிடைத்த அழைப்பு

1666ஆம் ஆண்டு. பிரான்ஸ் நாட்டின் பர்கண்டி பகுதிக்குத் துறவி ஒருவர் அனுப்பப்பட்டிருந்தார். தம் மடத்துக்குத் தேவையான திராட்சை ரசத்தை வாங்கி வரும் பொறுப்பு அவருக்கு. உணவோடு சிறிது திராட்சை ரசம் அருந்துவது அந்நாட்டில் துறவியருக்கும் உரிய சாதாரண வழக்கம். ஆனால் அனுப்பப்பட்டவருக்கோ கொடுக்கல் வாங்கலில் பழக்கமும் இல்லை, விருப்பமும் இல்லை. ஒரு கால் வேறு ஊனம். படகில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல வேண்டுமானால் பீப்பாய்களின்மீது உருண்டு உருண்டுதான் அவரால் செல்ல முடிந்தது. அதற்காக அவர் வெட்கப்படவும் இல்லை, வருந்தவும் இல்லை. இது தம்முடைய வேலையன்று, இறைவனுடைய வேலை என்று இறைவனிடமே சொல்லிவிட்டுப் புறப்பட்டிருந்தார். முந்தைய ஆண்டு ஒவெர்ன் பகுதிக்கு இதே காரியமாகச் சென்றபோதும் அப்படித்தான். வேலை நன்றாகவே முடிந்தது. எப்படி முடிந்தது என்பது அவருக்கே விளங்கவில்லை.

இவர்தாம் சகோதரர் லாரன்ஸ். இறைவனின் சந்நிதியை இடைவிடாது உணர்ந்து வாழ்வது பற்றி அவர் பேசியவையும் எழுதியவையும் அடங்கிய மெல்லிய நூல் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் படிக்கப்பட்டு வருகிறது. அதில் காட்சிகள் இல்லை, அசரீரிகள் இல்லை. தாம் எதிர்பார்த்தது நடவாமல் போன இடங்களிலெல்லாம் இறைவனின் கை இருந்ததைக் கண்டுகொண்ட ஒரு சமையல்காரரின் அனுபவமே அதில் இருக்கிறது.

நிக்கோலாஸ் ஹெர்மன் என்பது அவரது இயற்பெயர். 1614ஆம் ஆண்டு வாக்கில், லொரேன் பகுதியில் லூனெவில் நகருக்கு அருகேயுள்ள எரிமெனில் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் ஒரு நாள், இலைகளை எல்லாம் இழந்து நின்ற ஒரு மரம் அவர் கண்ணில் பட்டது. இன்னும் சில காலத்தில் இதே மரம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் எழுந்தது. ஆண்டுதோறும் எல்லோரும் காண்பதுதான். ஆயினும் அந்தக் கணத்தில் அந்த எண்ணத்தின் வழியே இறைவனின் ஆற்றலும் பேணிக் காக்கும் அருளும் அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அன்று மூண்ட அன்பு அதன் பிறகு கூடிற்றா என்று தம்மால் சொல்ல இயலாது என்று பல ஆண்டுகளுக்குப் பின் அவர் தெரிவித்திருக்கிறார். பட்ட மரத்தைப் பார்த்தவர் பலர். அதில் தமக்கு ஏதோ உணர்த்தப்படுகிறது என்று நின்றவர் ஒருவர்.

ஆனால் அந்த அனுபவம் அவரை உடனே மடத்துக்குக் கொண்டு சேர்த்துவிடவில்லை. ஐரோப்பாவை 1618 முதல் 1648 வரை சூறையாடிய முப்பதாண்டுப் போரில் அவர் படைவீரரானார். ஜெர்மானியப் படையினரிடம் சிக்கி, ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டு, தூக்கு மேடையின் விளிம்புவரை சென்று மீண்டார். 1635இல் ராம்பெர்வில்லே என்ற இடத்தில் சுவீடன் படையினரோடு நடந்த மோதலில் காயமுற்று ஊர் திரும்பினார். படைவாழ்க்கை முடிந்தது.

பின்னர், ஏகாந்தத் தவம் செய்ய விரும்பிய ஒரு கனவானோடு சேர்ந்து தனிமையில் வாழ்ந்து பார்த்தார். ஒரு பொழுது மகிழ்ச்சி, மறுபொழுது துயரம். ஒரு நாள் அமைதி, மறுநாள் கலக்கம். ஆன்மிகத்தில் ஊன்றி நில்லாதவருக்குத் தனிமை ஏற்றதன்று என்பதை உணர்ந்து அந்த முயற்சியைக் கைவிட்டார். பாரிஸில் பியூபே என்ற கருவூல அதிகாரியின் வீட்டில் ஏவலராகச் சேர்ந்தார். கைபட்டதையெல்லாம் உடைத்துவிடும் தடுமாற்றக்காரர் என்பது அக்காலத்தைப் பற்றி அவரே தந்துள்ள சித்திரம்.

1640ஆம் ஆண்டு பாரிஸின் வோழிரார் வீதியில் இருந்த கர்மேல் சபை மடத்தில், குருப்பட்டம் பெறாமல் உடலுழைப்பால் தொண்டு புரியும் சகோதரராகச் சேர்ந்தார். உயிர்த்தெழுதலின் லாரன்ஸ் என்ற துறவுப் பெயர் பெற்றார். 1642 ஆகஸ்ட் 14 அன்று இறுதி வார்த்தைப்பாடு அளித்தார். மடத்துக்கு வரும்போது அவர் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. தமது தடுமாற்றங்களுக்கும் குற்றங்களுக்கும் இங்கே தக்க தண்டனை கிடைக்கும், தோலை உரித்துவிடுவார்கள், அவ்வாறு தம் வாழ்வையும் அதன் இன்பங்களையும் இறைவனுக்குப் பலியாக்கிவிடலாம் என்று எண்ணியிருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. மடத்தில் அவருக்குக் கிடைத்தது நிறைவே. இறைவன் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்த நிறைவுக்கு முன் நெடிய இருள் ஒன்று இருந்தது. மெல்லிய அந்த நூலை விரும்பிப் படிப்பவர்களில் பலர் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறார்கள். முதல் பத்தாண்டுகள் அவர் கடுமையாகத் துன்புற்றார். தாம் விரும்பிய அளவு இறைவனுக்கு உரியவராக இல்லையே என்ற ஏக்கம் ஒருபுறம். பழைய பாவங்களின் நினைவு மறுபுறம். தகுதியற்ற தமக்கு இறைவன் அருள் புரிவதே அவருக்குச் சுமையாயிற்று. வீழ்வதும் எழுவதுமாக நாட்கள் சென்றன. அதிலும் நான்கு ஆண்டுகள், தமக்கு மீட்பே இல்லை, நரகம் உறுதி என்ற எண்ணம் அவரை விடாது வாட்டியது. யார் எடுத்துச் சொல்லியும் அது அகலவில்லை.

அப்போது அவர் தமக்குள் நடத்திய விசாரம் கூர்மையானது. மடத்துக்கு வந்தது இறைவனிடம் கொண்ட அன்பினால் மட்டுமே. இதுவரை செய்ததெல்லாம் அவருக்காகவே. இனித் தம் கதி எதுவானாலும், மீட்போ அழிவோ, இறைவனுக்காகவே செயல்படுவதை நிறுத்த வேண்டியதில்லை. சாகும்வரை தம்மாலான மட்டும் அவரை நேசித்தோம் என்பதாவது மிஞ்சும். சொர்க்கத்தையும் நரகத்தையும் ஒருங்கே கைவிட்ட முடிவு அது. பேரம் பேசும் பக்திக்கு இங்கே இடமே இல்லை. இந்தத் துன்பத்திலேயே தம் நாட்கள் முடியட்டும் என்று அவர் இசைந்த பிறகு, ஒரு நாள் திடீரென எல்லாம் மாறியிருந்தது. உள்ளம் தன் இருப்பிடத்தை அடைந்ததுபோல ஆழ்ந்த அமைதி கண்டது.

மடத்தில் அவருக்கு அளிக்கப்பட்ட பணி சமையல். இயல்பிலேயே அவருக்கு அதில் பெரும் வெறுப்பு. பதினைந்து ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார். எந்த வேலையைத் தொடங்கும் முன்னும் இறைவனிடம் அருளை வேண்டுவார். செய்யும்போது அவரோடு உரையாடுவார். முடிந்ததும் நன்றி கூறுவார். தவறு நேர்ந்தால் ஒப்புக்கொள்வார். தம்மைத் தம் போக்கில் விட்டால் இப்படித்தான் ஆகும், திருத்த வேண்டியவர் இறைவனே என்று முறையிட்டுவிட்டு, குற்ற உணர்வில் உழலாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். வாணலியில் அடையைத் திருப்பிப் போடுவதும் அன்புக்காகவே. வேறு வேலை இல்லாதபோது தரையில் விழுந்து வணங்குவார். கீழே கிடக்கும் ஒரு வைக்கோல் துரும்பை எடுப்பதுகூட இறைவன்மீது கொண்ட அன்பின் பொருட்டே ஆயிற்று. செய்வதையெல்லாம் அர்ப்பணமாக்கச் சொல்லும் கீதையை அவர் அறிந்திருக்க வழியில்லை. தட்சிணேசுவரத்து நஹபத்தின் சிற்றறையில் அன்னை ஸ்ரீ சாரதா தேவியார் சமைத்துக்கொண்டே தவம் புரிந்ததை அறிந்தவர்களுக்கு இந்தப் பிரெஞ்சுச் சமையலறை அந்நியமாகத் தோன்றாது.

முறைப்படியான தியானம் அவருக்குக் கைகூடவில்லை. தொழுகைக்கென விதிக்கப்பட்ட நேரமும் பாத்திரங்களின் ஓசைக்கு நடுவே கழியும் நேரமும் அவருக்கு வேறு வேறாக இருக்கவில்லை. இதனால் தாம் தவறான வழியில் செல்கிறோமோ என்ற ஐயமும் ஒரு காலத்தில் அவருக்கு இருந்தது. பெரியோர் நூல்கள் கூறும் முறை ஒன்று, தம்மை இழுக்கும் வழி வேறொன்று என்றால், எதை இறைவனின் வழிகாட்டலாகக் கொள்வது? தமக்கு வாய்த்த வழியை அவர் பிறர்மீது சுமத்தவுமில்லை, மடத்தின் விதிகளை மீறவுமில்லை. மேலதிகாரி தியானத்துக்குத் தனித்திருக்கச் சொன்னால் தனித்திருந்தார். தாமாக அதைத் தேடவில்லை.

தம் அகவாழ்வைப் பற்றி அவர் எழுதிய ஒரு கடிதத்தில், அது தம் அனுபவம் என்று தெரியாதவாறு, சபையில் உள்ள யாரோ ஒருவரின் நிலையைப் போலப் படர்க்கையில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் வேலையின் மும்முரத்தில் இறைநினைவிலிருந்து சற்றே விலகிவிட்டால், இறைவனே அவருடைய உள்ளத்தில் தம்மை உணர்த்தித் திரும்ப அழைக்கிறார். புறவேலை மிகுந்திருக்கும் சமயத்தில்தான் இது அடிக்கடி நிகழ்கிறது. அந்த ஈர்ப்பு வந்த உடனே அவர் தயங்காமல் மறுமொழி தருகிறார்: உள்ளத்தை மேலே உயர்த்துவார், அல்லது அன்பு கனிந்த பார்வை ஒன்று, அல்லது அந்நேரத்தில் அன்பு தருகின்ற ஓரிரு சொற்கள். அவ்வளவே. அழைப்பு வந்ததா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டு நின்றால் அது கடந்துபோய்விடும். சில வேளைகளில் உள்ளத்தில் பொங்கிய ஆனந்தத்தை அடக்க மாட்டாமல் பித்தரைப்போல் பாடி ஆடியதையும் அவர் மறைக்கவில்லை.

கால்வலி முற்றியதால் பின்னர் அவர் காலணி தைக்கும் பணிக்கு மாற்றப்பட்டார். இடுப்பிலிருந்து காலுக்குப் பரவும் நரம்பு வலி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவரைத் துன்புறுத்தி, முடிவில் காலில் புண்ணாகவும் மாறியது. 1666 ஆகஸ்ட் 3 அன்று போஃபோர் என்ற குரு அவரை முதன்முறையாகச் சந்தித்து உரையாடினார். பர்கண்டிப் பயணத்தின் கதையும் குளிர்கால மரத்தின் கதையும் உலகுக்குத் தெரிந்தது அவர் எடுத்து வைத்த குறிப்புகளால்தான். அறிஞர் ஃபெனலோனும், லாரன்ஸ் கடும் நோயில் இருந்தபோது, அவரைச் சென்று கண்டார். மரணத்தைப் பற்றி இருவரும் பேசினர். படுத்திருந்தவரின் உற்சாகம் வந்தவரின் நினைவில் நெடுங்காலம் நின்றது.

1691 பிப்ரவரி 12 அன்று சகோதரர் லாரன்ஸ் உடலை நீத்தார். இறுதி நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்கப்பட்டபோது, என்றென்றும் செய்யப்போவதையே, அதாவது இறைவனைத் துதிப்பதையும் நேசிப்பதையுமே, செய்துகொண்டிருப்பதாகத் தெரிவித்தார்.

போஃபோர் 1692இலும் 1694இலும் அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் வெளியிட்டார். பிரான்ஸில் அக்காலத்தில் மூண்ட சமயச் சர்ச்சையில் ஃபெனலோனின் நூல் 1699இல் ரோமாபுரியால் கண்டிக்கப்பட்டது. அந்நிழல் லாரன்ஸின் எழுத்துகள் மீதும் விழுந்தது. தம் சொந்தத் திருச்சபையில் நெடுங்காலம் அவர் கவனிப்பாரற்றுக் கிடந்தார். அவரைப் போற்றிப் பரப்பியவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் பிரிவினர். பியேர் புவாரே மறுபதிப்புச் செய்தார்; இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தம் நூல்தொகுப்பில் சேர்த்தார். இதுவும் யாரும் எதிர்பாராத வழிதான்.

அக்கடிதங்களில் ஒன்று, இடைவிடாத இறைநினைவை எவ்வாறு அடைந்தார் என்று வற்புறுத்திக் கேட்ட ஒருவருக்கு எழுதியது. அவர் வேண்டியதால் மட்டுமே, மனமில்லாமல் எழுதுவதாக லாரன்ஸ் தொடக்கத்திலேயே தெரிவித்திருக்கிறார். ஒரு நிபந்தனையும் விதித்திருக்கிறார்: அந்தக் கடிதத்தை வேறு யாருக்கும் காட்டக் கூடாது.