மறைந்த நீரைத் தேடிய மேதை அல்-கரஜீ

அல்ஜிப்ராக் கணிதத்தை வளர்த்த பேரறிஞர் வரிசையில் அபூபக்ர் முஹம்மது அல்-கரஜீ அவர்களுக்குத் தனி இடமுண்டு. அன்னார் தமது பிற்காலத்தில் நிலத்தடி நீரைப் பற்றியும் ஒரு நூல் இயற்றினார்கள் என்பது நம்மவரில் பலரும் அறியாத செய்தி. பாலோவில் கடை வைத்துக்கொண்டு, ஊரில் ஆழ்குழாய்க் கிணறு போடப் பணம் அனுப்பும் நமக்கு அந்நூலே அதிகம் வேண்டியது.

பத்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிறந்த அன்னார் பக்தாதில் கீர்த்தி பெற்றார்கள். வஜீர் பக்ருல் முல்க்கின் பெயரால் 'அல்-பக்ரீ' என்னும் கணித நூலை எழுதினார்கள். ஐரோப்பியர் நெடுங்காலம் அன்னாரைக் 'கர்கீ' என்றே குறித்து வந்தனர். அரபியில் ஒரு புள்ளி மேலிருந்தால் கர்கீ; கீழிருந்தால் கரஜீ! புள்ளி செய்த வேலையைப் பாருங்கள்.

பின்னர் பக்தாதை விட்டு ஈரானின் மலைநாட்டுக்குச் சென்று, 1017-ஐ ஒட்டி 'இன்பாதுல் மியாஹில் கஃபிய்யா' என்ற நூலை எழுதினார்கள். மறைந்த நீரை வெளிக்கொணர்தல் என்பது அதன் பொருள். மழையும் பனியுமே ஊற்றுகளுக்கு ஆதாரம் என்றும், எந்த மலை, எந்தக் கல், எந்தச் செடி நீருக்கு அடையாளம் என்றும் அதில் விளக்கினார்கள். மலையடிவாரத்து நீரை மாடும் ஏற்றமுமின்றி ஊருக்குக் கொணரும் 'கனாத்' சுரங்கத்தையும், அதற்கு மட்டம் பார்க்கும் கருவிகளையும் விவரித்தார்கள். சரிவு மிகுந்தால் நீர் சுரங்கத்தை அரிக்கும்; குறைந்தால் தேங்கும். கணக்கர் கை வைக்க வேண்டிய காரியந்தான்.

நம் தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்குக்குச் சற்றேறக்குறைய கடும்பாறை. கடலோர ஊர்களின் மணற்பாங்கு வேறு. பாறை நாட்டில் நீர் கல்லுக்குள் இல்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலுமே நிற்கிறது, ஓடுகிறது. வெடிப்பைத் தொட்ட குழாயில் நீர் பீறிடும். சில அடி தள்ளிப் போட்டது வெறும் புழுதியைக் கக்கும். பெய்யும் மழையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் அங்கே இறங்குகிறது. ஒரே வெடிப்பு பல வீட்டு மனைகளின் அடியே செல்வதால், நாம் அனுப்பிய பணத்தில் ஒருவர் ஆழமாய்த் துளைக்க, அயலாரின் பழங்கிணறு வற்றிவிடுகிறது. அப்புறம் மனஸ்தாபம், பஞ்சாயத்து!

அன்னார் இதை மறக்கவில்லை. ஒரு கிணற்றைச் சுற்றிப் பிறர் தோண்டலாகாத எல்லைக்கு 'ஹரீம்' என்று பெயர். கிணறுகளுக்கும் கனாத்துகளுக்கும் உரிய ஹரீமைப் பற்றி அந்த நூலிலேயே தனியே எழுதினார்கள். 1029-ஐ ஒட்டி மறைந்த அவர்களுடைய நூலின் அரபி மூலம் ஹிஜ்ரி 1359-ல் நமது ஹைதராபாத் தக்காணத்தில்தான் அச்சேறியது.