காற்றை ஆராய்ந்த ராம்சே

நாம் சுவாசிக்கும் காற்றின் இயல்பை முற்றும் அறிந்துவிட்டதாக அறிஞர் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அவ்வெண்ணம் பிழையென மெய்ப்பித்தவருள் ஒருவர் சர் வில்லியம் ராம்சே.

ராம்சே 1852ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டிலுள்ள கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். ஜெர்மனியில் வேதியியல் பயின்று, 1872இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1887இல் இலண்டன் பல்கலைக் கல்லூரியிற் பேராசிரியராக அமர்ந்தார்.

அக்காலத்தில் இராலே பிரபு என்னும் அறிஞர் வியப்பான செய்தியொன்றை வெளியிட்டார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிப் பொருள்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிட ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு மிகுந்த எடையுடையதாய் இருந்தது. இச்சிறு வேறுபாட்டைப் பிறர் பொருட்படுத்தாது விட்டிருக்கலாம். ராம்சே விட்டாரல்லர். காற்றின் நைட்ரஜனைச் சூடேற்றிய மக்னீசியத்தின்மீது பன்முறை செலுத்தினார். மக்னீசியம் நைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டது. எதனோடும் கூடாத வாயு ஒன்று எஞ்சி நின்றது. 1894இல் இருவரும் அதனை உலகிற்கு அறிவித்தனர். சிலர் ஐயுற்றனர், அது நைட்ரஜனின் வேறொரு வடிவமே என்றும் வாதிட்டனர். ராம்சே மனந் தளராது ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். எதனோடும் கூடாது சோம்பியிருப்பதால் அவ்வாயு, கிரேக்க மொழியில் சோம்பலைக் குறிக்கும் சொல்லால் ஆர்கான் எனப் பெயர் பெற்றது.

ஆர்கான் பாறைகளிலும் உளதோ என அறிய விரும்பி, 1895இல் யுரேனியம் கலந்த கனிமம் ஒன்றை அமிலத்திலிட்டுக் காய்ச்சினார். வெளிப்பட்டது ஆர்கான் அன்று. அதுவரை சூரிய ஒளியில் மட்டுமே அறியப்பட்டிருந்த ஹீலியம்! 1898இல் திராவர்சு என்பாருடன் சேர்ந்து கிரிப்டான், நியான், செனான் ஆகியவற்றையும் கண்டார். 1903இல் ரேடியம் சிதையும்போது ஹீலியம் பிறக்கிறது என்பதைச் சாடி என்பாருடன் சேர்ந்து நிறுவினார். 1904இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது.

நம் நாட்டிற்கும் அவர் தொண்டு புரிந்துள்ளார். டாட்டாவின் அறிவியற் கழகத்திற்கு இடந் தேர்தற்பொருட்டு இந்தியா வந்து, பெங்களூரைப் பரிந்துரைத்தார்.

1916இல் ராம்சே மறைந்தார். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாக உள்ள ஆர்கான் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்வந்தோர் விளக்கினர். பாறைகளிலுள்ள ஒருவகைப் பொட்டாசியம் மெல்லமெல்லச் சிதைந்து ஆர்கானாகிறது. எரிமலைகள் முதலியவற்றின் வழியே அது வெளிப்பட்டுக் காற்றிற் சேர்கிறது. ஹீலியமோ எடை குறைந்ததாதலின் விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. செவ்வாயின் காற்றிலுள்ள ஆர்கானும் பெரும்பாலும் இவ்வாறு பாறையிற் பிறந்ததேயாகும்.

சிறு வேறுபாட்டையும் புறக்கணியாத நுண்ணோக்கே பேருண்மைகளுக்கு வாயில் என்பதை ராம்சேயின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.